ஒலிபெருக்கிக்கு ஏற்ற பெட்டி எது?

சென்ற பொங்கல் விழாவன்று நம் மன்றத்து ஒலிபெருக்கி செய்த கூத்தை இம்மலரைப் படிப்பவர்களிற் பெரும்பாலோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பெட்டியைச் செய்தவன் நான்தான். உறுப்பினர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்துச் சேர்த்த 6,000 ரூபாயில் 3,400 ரூபாயை அதில் தொலைத்தேன். எஞ்சியுள்ள 2,600 ரூபாயைக் கொண்டு வேறொரு பெட்டி செய்யலாமா என்று மன்றத்திடம் கேட்கப்போகிறேன். கேட்பதற்குமுன், முதற்பெட்டி ஏன் கெட்டது, இரண்டாவது எவ்வகைப் பெட்டியாய் இருக்கவேண்டும் என்பதை எழுத்தில் வைத்துவிடுவதே முறை. எனவே இக்கட்டுரையைப் பாடமாகவும் கொள்ளலாம். கணக்கு ஒப்புவித்தலாகவும் கொள்ளலாம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். டில்லி லஜபத்ராய் மார்க்கெட்டில் 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். நடுவில் சிறிய கூம்பு ஒன்றும் ஒட்டியிருந்ததால் மேல் ஒலிகளையும் அதுவே தரும். கீர்த்தி நகரிலிருந்து பலகை வந்தது. புத்தக அலமாரியில் அடங்கவேண்டும் என்ற ஆசையால் பெட்டியின் உள்ளளவை 22 செ.மீ., 22 செ.மீ., 21 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன், அதாவது 10 லிட்டர். கடைகளில் விற்கும் பெட்டிகளிலெல்லாம் ஒரு துளை இருக்கக் கண்டிருந்தேனாதலால், நானும் 7.5 செ.மீ. விட்டத்தில் ஒரு துளை போட்டேன். ஏன் அந்த அளவு என்று கேட்டால், தச்சரிடம் இருந்த வட்ட அரம் அந்த அளவினது. வேறு காரணம் இல்லை.

விழாவில் சிறப்புரையாற்ற வந்த முதிய ஆசிரியர் பேசத்தொடங்கினார். குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. ‘ஊம், ஊம்’ என்ற முழக்கமே அரங்கை நிறைத்தது. பின்வரிசையிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரோ அரியானாவின் கோடியிலிருந்து பேருந்தில் வந்தவர். நான் கருவியின் திருகுகளை எல்லாம் திருகிப் பார்த்தேன். அப்போது முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்துவந்து, தான் போர்த்தியிருந்த கம்பளிச் சால்வையைச் சுருட்டி அந்தத் துளைக்குள் திணித்துவிட்டாள். மறுகணமே பேச்சு தெளிந்தது! “குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருந்துச்சு அண்ணா, வாயை அடைச்சா சரியாயிடும்னு தோணுச்சு” என்றாள். இயற்பியலில் இரண்டாம் ஆண்டு படிப்பவன் நான். அவள் வரலாறு படிக்கிறாள்.

அவள் சொன்னது உவமையன்று, நேர் உண்மை. அதை விளங்கிக்கொள்ள, ஸ்பீக்கருக்குப் பெட்டியே எதற்கு என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

தாள் கூம்பு ஒன்றைச் சுருளும் காந்தமும் சேர்ந்து முன்னும் பின்னும் அசைக்கின்றன. 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்ட வடிவம் இது; நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்னாலுள்ள காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்னாலுள்ள காற்று நெகிழ்கிறது. ஆக, முன்புறத்து ஒலியும் பின்புறத்து ஒலியும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. அலைநீளம் சிறிதாயுள்ள மேல் ஒலிகளில் இதனால் பெருந்தீங்கு இல்லை. மந்தர ஒலியிலோ அலைநீளம் பல மீட்டர். காற்று விளிம்பைச் சுற்றி ஓடி முன்னதைப் பின்னது அழித்துவிடுகிறது. ஐயமுள்ளவர்கள் ஸ்பீக்கரை வெறுமனே மேசைமேல் கிடத்திப் பாடவிட்டுப் பார்க்கலாம். மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் கேட்கும். தொப்பி எங்கோ போயிருக்கும். பின்புற ஒலியை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்குப் பலர் அளித்த பல விடைகளே பலவகைப் பெட்டிகள்.

எல்லாவற்றிலும் எளிய விடை, பெட்டியே இல்லாத பலகை. பெரிய பலகையொன்றின் நடுவில் துளையிட்டு ஸ்பீக்கரைப் பொருத்திவிட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலுள்ள வழி நீண்டுவிடுகிறது. பலகையின் பக்கம் அலைநீளத்தில் பாதியாவது இருக்கவேண்டும் என்பது பழைய கைவிதி. ஒலி வினாடிக்கு 344 மீட்டர் செல்கிறது என்று கொண்டால், ஒரு மீட்டர்ப் பலகை ஏறக்குறைய 170 ஹெர்ட்ஸ் வரையில் காக்கும். அதற்குக் கீழே ஒரு ஸ்தாயி இறங்குந்தோறும் 6 டெசிபல் குறையும். 40 ஹெர்ட்ஸ் வரை காக்கவேண்டுமானால் 4.3 மீட்டர்ப் பலகை வேண்டும். நம் மன்ற அறையின் நீளமே அவ்வளவுதான்! ஆனால் ஒன்று: பெட்டிக்குள் அடைபடாத ஒலிக்குத் தனி அழகு உண்டு. குரலும் வீணையும் பலகையில் கேட்பதுபோல் வேறெதிலும் இயல்பாய்க் கேட்டதில்லை என்பது என் சொந்த அனுபவம். விடுதியறைக் கதவொன்றைக் கழற்றி இதைச் சோதித்தோம்; வார்டனிடம் அதை யாரும் சொல்லவேண்டாம்.

இரண்டாவது விடை, பின்புற ஒலியை முற்றிலும் சிறைப்படுத்துவது. நாற்புறமும் மூடிய பெட்டி. இதில் ஒரு தொல்லை உண்டு. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு வில்லைப்போல் கூம்பைத் தள்ளுகிறது. பெட்டி சிறுக்கச் சிறுக்க வில் விறைக்கும். கூம்பின் இயல்பான ஒத்ததிர்வு மேலேறும். மந்தர ஒலி அந்த அளவுக்கு இழக்கப்படும். ஆகையால் பழங்காலத்தில் மூடிய பெட்டி என்றால் அலமாரியளவு பெரிதாகவே செய்தார்கள். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் இந்தக் குறையையே குணமாக்கிவிட்டார். கூம்பைத் தாங்கும் விளிம்பும் மடிப்பும் விசையை ஒழுங்காகத் திருப்பித் தருவதில்லை. காற்று வில்லோ மிக ஒழுங்கானது. அப்படியானால் விளிம்பை மிகத் தளர்வாக்கிவிட்டு, வில்லின் வேலையைப் பெரும்பாலும் காற்றிடமே விட்டால் என்ன? 1954-இல் வெளிவந்த அவருடைய ஏ.ஆர்.-1 என்னும் சிறு பெட்டி, தன்னைப்போல் பன்மடங்கு பெரிய பெட்டிகளின் மந்தர ஒலியைத் தெளிவாகத் தந்தது. வீட்டில் ஒலிபெருக்கி வைப்போர் பெரிதும் கடமைப்பட்டிருப்பது இவருக்கே என்பேன்.

மூடிய பெட்டிக்குக் கணக்கும் எளிது. ஸ்பீக்கருக்கு மூன்று எண்கள் தெரிந்தால் போதும். ஒன்று, திறந்த வெளியில் அதன் ஒத்ததிர்வு. இரண்டு, அதன் விளிம்பின் நெகிழ்ச்சிக்குச் சமமான நெகிழ்ச்சியுள்ள காற்றின் கொள்ளளவு. மூன்று, அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் காட்டும் எண். இதைக் கியூ என்பார்கள். கியூ சிறிதானால் அதிர்வு உடனே அடங்கும். பெரிதானால் மணியடித்ததுபோல் நீளும். இரண்டாவது எண்ணைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். வரும் விடையால் ஒத்ததிர்வையும் பெருக்குங்கள், கியூவையும் பெருக்குங்கள். பெட்டிக்குள் அவை என்னவாகும் என்பது தெரிந்துவிடும். பெட்டிக்குள் கியூ 0.7 அளவில் நின்றால் ஒலி மேடுபள்ளமின்றி இறங்கும். 1-ஐத் தாண்டினால் முழக்கம் எட்டிப்பார்க்கும்.

நம் ஸ்பீக்கருக்கு அந்த மூன்று எண்கள் 40 ஹெர்ட்ஸ், 60 லிட்டர், 0.4. (இவற்றைக் கண்டுபிடித்த விதத்தைப் பின்னால் சொல்கிறேன்.) 10 லிட்டர்ப் பெட்டியில் 60-ஐப் பத்தால் வகுத்தால் 6; ஒன்று கூட்ட 7; வர்க்கமூலம் 2.65. ஆகவே ஒத்ததிர்வு 106 ஹெர்ட்ஸ், கியூ 1.06. சால்வை அடைத்தபின் நாம் கேட்டது இதைத்தான். நல்ல பெட்டி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் சொல் புரிந்தது. 29 லிட்டர்ப் பெட்டியானால் 70 ஹெர்ட்ஸ், கியூ 0.7. அதுவே இந்த ஸ்பீக்கருக்குரிய ஒழுங்கான மூடிய பெட்டி.

மூன்றாவது விடைதான் என்னைக் கவிழ்த்தது. சிறைப்படுத்திய ஒலியை வீணாக்குவானேன், அதைத் திருப்பி நமக்கு உதவும்படி செய்யலாகாதா என்று எண்ணினார் பெல் ஆய்வுக்கூடத்துத் தூராஸ். 1932-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பெட்டியில் ஒரு துளையும் அதற்குள் ஒரு குழாயும். குழாயிலுள்ள காற்று ஒரு கட்டியைப்போலவும், பெட்டியிலுள்ள காற்று ஒரு வில்லைப்போலவும் சேர்ந்து தமக்கென ஓர் அதிர்வெண்ணில் ஆடும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த பானையின் ஒத்ததிர்வு இது. நமக்கு இது புதிதன்று. கடம் வாசிப்பவர் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் நாதத்தை மாற்றுவதைக் கண்டிருக்கிறோம். ஊர்ப்புறத்து டீக்கடைகளில் ஸ்பீக்கரைப் பானையின் வாயில் வைத்துப் பாட்டுக்குக் கனம் சேர்த்ததும் இதே வித்தைதான். அந்தக் கடைக்காரர்கள் யாரிடமும் காப்புரிமை வாங்கவில்லை.

குழாயின் ஆட்டம் பின்புற ஒலியைத் தலைகீழாக்கி வெளியே விடுகிறது. எதிராயிருந்தது இப்போது முன்புற ஒலியோடு சேர்ந்து நடக்கிறது. அந்த அதிர்வெண்ணில் கூம்பு ஏறக்குறைய அசையாமலே நிற்க, ஒலியெல்லாம் குழாயிலிருந்து வரும். எனவே அதே ஸ்பீக்கரிலிருந்து இன்னும் கீழ்நோக்கிப் போகலாம். இதற்கு விலை இரண்டு. மூடிய பெட்டியில் ஒலி ஸ்தாயிக்கு 12 டெசிபலாகச் சரியும். இதில் 24 டெசிபலாகச் சடாரென விழும். மேலும், குழாயின் அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்புக்குப் பிடிப்பே இல்லை. மேடையில் யாராவது ஒலிவாங்கியைக் கீழே போட்டால் சுருள் கிழிந்து வெளியே வந்துவிடவும் கூடும்.

பெட்டியின் அளவையும் குழாயின் அளவையும் ஸ்பீக்கரின் எண்களோடு பொருத்துவது நெடுங்காலம் கண்கட்டு வித்தையாகவே இருந்தது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரைதான் அதைக் கணக்காக்கியது. சிட்னிப் பல்கலைக்கழகத்து ரிச்சர்டு ஸ்மால் பத்தாண்டுக்குப்பின் அதை விரித்து நிறைவாக்கினார். இன்று எந்த நல்ல ஸ்பீக்கரின் அளவுத்தாளிலும் இவ்விருவர் பெயரால் வழங்கும் எண்களைக் காணலாம். அவற்றைப் படிக்காமல் துளைபோட்ட என் பெட்டிக்கு இப்போது கணக்குப் பார்ப்போம். துளையின் பரப்பு 44 சதுர செ.மீ. பலகையின் கனம் 1.8 செ.மீ.; துளையின் இரு வாயிலும் கொஞ்சம் காற்று உடன் ஆடுவதால் அது 8.2 செ.மீ. நீளக் குழாய்க்குச் சமம். கொள்ளளவு 10 லிட்டர். கணக்கு 127 ஹெர்ட்ஸ் என்று வருகிறது.

127 ஹெர்ட்ஸ் என்பது என்ன? ஒரு கட்டைச் சுருதியில் ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். ஆடவர் பேச்சின் அடிக்குரலும் அந்த வட்டாரத்திலேயே உலாவுகிறது. தேடிப்பிடித்துப் போட்டிருந்தாலும் இதைவிடக் கெட்ட இடத்தில் அந்தத் துளையைப் போட்டிருக்க முடியாது. ஆசிரியர் வாய்திறந்தபோதெல்லாம் பெட்டி தன் சொந்த ஸ்வரத்தையும் கூடவே பாடியிருக்கிறது! போதாக்குறைக்குப் பெட்டி ஏறக்குறையக் கனசதுரம். மூன்று பக்கத்து எதிரொலிகளும் ஒரே இடத்தில் குவிந்தன.

இந்த ஸ்பீக்கருக்குத் துளைப்பெட்டி செய்வதானால் 55 லிட்டர் வேண்டும். குழாயின் உள்விட்டம் 7.5 செ.மீ., நீளம் 9.5 செ.மீ. வைத்தால் 40 ஹெர்ட்ஸில் நிற்கும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் பி.வி.சி. குழாய் போதும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகவே சொல்வேன், ஏனெனில் அவை நம் அறைக்கு ஒவ்வா. பின்புற ஒலியை நீண்ட வழியொன்றில் வளைத்து வளைத்துச் செலுத்தி, கம்பளி அடைத்துக் களைப்படையச் செய்வது ஒன்று. 1965-இல் பெய்லி என்பவர் ‘வயர்லெஸ் வோர்ல்டு’ ஏட்டில் எழுதியபின் இது இங்கிலாந்தில் பலரையும் பற்றிக்கொண்டது. வழியின் நீளம் அலைநீளத்தில் கால்பங்கு. 40 ஹெர்ட்ஸுக்கு 2.15 மீட்டர். அதைப் பெட்டிக்குள் மடிக்கவேண்டும். ஒலி மிக நன்று என்கிறார்கள் கேட்டவர்கள். ஆனால் தச்சுவேலை எங்கள் கைக்கு மிஞ்சியது.

இன்னொன்று கூம்பு. கலியாண வீட்டுப் பந்தற்காலில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை அறியாத தமிழர் உண்டோ? சாதாரண ஸ்பீக்கர் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கையே ஒலியாக்கும். கூம்போ அதைப் பன்மடங்காக்கும். அதனாலேயே சிறிய கருவி கொண்டு ஊர்முழுதும் பாட்டுக் கேட்கச்செய்ய முடிந்தது. ஆனால் கூம்பின் வாய்ச்சுற்றளவு அது தரவேண்டிய மிகக்குறைந்த ஒலியின் அலைநீளத்துக்கு நிகராயிருக்கவேண்டும். 40 ஹெர்ட்ஸுக்கு வாயின் விட்டம் 2.7 மீட்டர்! பந்தற்காலின் குழாயில் தவில் தகரம்போல் கேட்பதற்குக் காரணம் இதுவே. அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்பவர் கூம்பை மடித்து, அறையின் மூலைச்சுவர்களையே அதன் வாயாக்கிக்கொண்டார், மிகுந்த சாமர்த்தியம். நம் மன்ற அறையில் ஒரு மூலையில் அலமாரி, ஒரு மூலையில் தண்ணீர்ப்பானை, ஒரு மூலையில் கேரம் பலகை, நான்காவதில் கதவு.

இனி, எண்களைக் கண்ட விதம். நம் ஸ்பீக்கருக்கு அளவுத்தாள் கிடையாது. ஆனால் கைப்பேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றும், சிறு ஆம்பிளிஃபயர் ஒன்றும், மல்டிமீட்டரும், 1,000 ஓம் ரெசிஸ்டரும் இருந்தால் போதும். ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே ஸ்பீக்கரின் முனைகளில் மின்னழுத்தம் பாருங்கள். எங்கு உச்சமோ அதுவே ஒத்ததிர்வு. நமக்கு 40 ஹெர்ட்ஸ். நேர்மின்னோட்டத் தடை 6 ஓம்; உச்சத்தில் 54 ஓம். இவ்விரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 18. தடை 18 ஓமாகும் இடங்கள் உச்சத்தின் இருபுறமும் 27, 60 ஹெர்ட்ஸ். இடைவெளி 33. 54-ஐ 6-ஆல் வகுத்து வரும் 9-க்கு வர்க்கமூலம் 3. நாற்பதை முப்பத்துமூன்றாலும் மூன்றாலும் வகுக்க, கியூ 0.4. இரண்டாவது எண்ணுக்குக் கொள்ளளவு தெரிந்த மூடிய பெட்டி ஒன்று வேண்டும். அதற்கு நம் பழைய பெட்டியே வந்து உதவியது. துளையைப் பலகைத்துண்டால் இறுக அடைத்து அளந்தேன். ஒத்ததிர்வு 106-க்கு ஏறியிருந்தது. 106-ஐ 40-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்துப் பெட்டியின் 10 லிட்டரால் பெருக்கினால் 60 லிட்டர். ஆக, 3,400 ரூபாயில் கொஞ்சமாவது ஆய்வுக்கருவிக்குச் செலவானதாகக் கணக்கெழுதிக்கொள்ள மன்றம் இசையவேண்டும்.

எப்பெட்டியைச் செய்வது? இங்கேதான் கருத்து வேற்றுமை. இசை கேட்போர் துளைப்பெட்டியே வேண்டும் என்கிறார்கள். கருநாடக இசைக்கு அவ்வளவு கீழே போகவேண்டிய தேவை குறைவு; ஒரு கட்டைப் பாடகர் மந்தர பஞ்சமத்துக்கு இறங்கினாலும் அது 98 ஹெர்ட்ஸ். ஆனால் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறதே! அதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதை இழக்க அவர்கள் ஒப்பவில்லை.

மறுபுறம் நம் மன்றத்துப் பார்வையற்ற நண்பர். நண்பர்கள் படித்துப் பதிவுசெய்து தரும் பாடங்களை அவர் மாலைவேளைகளில் மன்ற அறையில் கேட்கிறார். இருவர் மூவர் கூடியிருந்து கேட்பதால் காதில் மாட்டும் கருவி உதவாது. “அந்தப் பெட்டியில எல்லாரும் ஜலதோஷம் பிடிச்சுப் படிக்கிறாங்க” என்பது அவர் தீர்ப்பு. அவருக்குத் தேர்வு ஏப்ரலில். நம் யாவரிலும் கூர்த்த செவி அவருடையது. முழக்கமற்ற மூடிய பெட்டியே அவருக்கு வேண்டும். இருதரப்பில் யாரைக் கைவிடுவது என்று என்னைக் கேட்டால், பேஸ் கிட்டாரைத்தான் என்பேன்.

ஆனால் கைவிடவேண்டியதில்லை என்று ஒருநாள் இரவு கணக்குப் போடும்போது தெரிந்தது. அந்த 55 லிட்டர்த் துளைப்பெட்டியின் குழாயை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? 60-ஐ 55-ஆல் வகுத்து, ஒன்று கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1.45. ஒத்ததிர்வு 58 ஹெர்ட்ஸ், கியூ 0.58. 29 லிட்டர்ப் பெட்டியைவிடவும் அடக்கமானது, பேச்சுக்கு மிக ஏற்றது! மாலையில் அடைப்பானோடு பாடம்; இரவில் அடைப்பானை எடுத்துவிட்டுப் பாட்டு. பொங்கலன்று சால்வை செய்ததை இனி ரப்பர் விளிம்பிட்ட மரவட்டம் ஒன்று செய்யும். துணி போதாது, காற்றுக் கசிந்தால் மூடிய பெட்டி மூடியதாகாது.

செய்முறையைப்பற்றிச் சில சொற்கள். உள்ளளவு 30, 35, 54 செ.மீ.; 56 லிட்டருக்குச் சற்று மிகும். காந்தமும் குழாயும் குறுக்குச்சட்டமும் எடுத்துக்கொண்டதுபோக 55 நிற்கும். 18 மி.மீ. பிளைவுட், நீண்ட பக்கங்களுக்கிடையே ஒரு குறுக்குச்சட்டம் கட்டாயம். பலகை தானே அதிர்ந்தால் அதுவும் ஒரு ஸ்பீக்கராகிவிடும். இங்கிலாந்தின் கில்பர்ட் பிரிக்ஸ் இரட்டைப் பலகைக்கிடையே மணலையே நிரப்பிவைத்தார். நமக்கு மூன்றாம் மாடி, மணல் வேண்டாம். உட்சுவரில் ஒரு அங்குலத்துக்கு இலவம்பஞ்சோ பழைய கம்பளியோ போதும். குழாயின் வாயருகே மட்டும் வைக்கக்கூடாது. அறையின் நீளம் 4.3 மீட்டராதலால் அறையே 40 ஹெர்ட்ஸில் முழங்கும். பெட்டியை மூலையில் வைக்காமல் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளிவைக்கவேண்டும். கேரம் பலகைதான் இடம் மாறவேண்டியிருக்கும்.

பலகைக்கும் பசைக்கும் குழாய்க்கும் 1,900 ரூபாய் ஆகும் என்று தச்சர் எழுதித் தந்திருக்கிறார், ஸ்பீக்கர் பழையதே. கடைச்சீட்டுகள் யாவும் செயலாளரிடம் உள்ளன. மன்றம் ஒப்பினால் வரும் சனிக்கிழமையே அறுக்கத் தொடங்கலாம். பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்க ஆறு கிளாம்புகள் தேவை; எவரிடமாவது இருந்தால் 14-ஆம் எண் அறையில் கொடுங்கள். துளைபோடும்போது அந்த வரலாற்று மாணவியும் உடனிருக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள்.